குளிர்ந்த ஸ்டெதஸ்கோப்

நான் குழந்தை வைத்தியப் பேராசிரியர். மாணவரைச் சோதிக்கும் புள்ளித்தாளைத் தயாரிக்க மூன்று கூட்டம் போட்டு, தேநீரோடு ரோல்ஸும் தின்று முடித்தோம். அந்தத் தாளில் குறை இருக்க வழியே இல்லை.

பரீட்சையன்று, கொழும்புத்துறைத் தாயொருத்தியின் மடியில் இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தை. ஐந்து மாணவர் ஒருவர்பின் ஒருவராக, ஏசியில் குளிர்ந்த ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார்கள். குழந்தை வீரிட்டது. அந்த அலறலுக்குள் என்னத்தைக் கேட்டார்களோ, விடையைச் சரியாகச் சொன்னார்கள், முழுப் புள்ளி. ஆறாவதாக வந்தவள் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நின்றாள். நேரவிரயம் என்று புள்ளியை வெட்டினேன்.

முடிந்ததும் தாயிடம் பெருமையாகக் கேட்டேன்: "எப்பிடி அம்மா, எங்கடை பிள்ளையள்?"

"சூடாக்கிப்போட்டு வைச்ச பிள்ளை நல்ல பிள்ளை, டொக்டர். அவவிட்டை என்ரை மகன் அழேல்லை. மற்ற அஞ்சு பேருக்கும் ஆர் படிப்பிக்கிறது?"