புதுத்தண்ணீர்

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இன்று புதுத்தண்ணீர் வந்தது. காய்ந்த மண் நனையும் வாசனை சமையலறைக்குள் வந்ததும் மகளோடும் அப்பாவோடும் வெளியே போனேன். சிறுவயதில் இந்த வாசனைக்காகவே காத்திருந்து, நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீருக்கு முன்னால், வெடித்த வாய்க்கால் தரையில், அது குதிகாலைத் தொடும்வரை வெறுங்காலோடு ஓடுவோம். இருபுறமும் வயல், பின்னால் மண்வெட்டியோடு அப்பா. அந்த வயல்கள் மனைகளாகி, வீடுகளாகி, வீடுகளின் கழிவுக் குழாய்கள் இப்போது வாய்க்காலில் விழுகின்றன.

மகள் செருப்பைக் கழற்றினாள். "எறங்கவாம்மா?"

"வேணாம் பாப்பா, அது சாக்கடை."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ? ஆனால் இறங்கிக் காய்ச்சல் வந்துவிட்டால்? அருகில் நின்ற அப்பா மறுப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் குனிந்து பேத்திக்குச் செருப்பை மாட்டிவிட்டார்.

"அம்மா சரியாத்தான் சொல்லுது, தங்கம்."