விளக்கெண்ணெய் குடித்த பிரேக்

முதலாளியின் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் பதுளையிலிருந்து பண்டாரவளைக்குக் கிளம்பிய அன்று, பிரேக் பட்டையை மாற்றாமல் திரும்பி இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினேன். மலை ஏறும்போது பிரேக்குக்கு அவ்வளவாக வேலை இல்லை. இறங்குவது வேறு கதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், வளைவுக்கு வளைவு மிதித்தாக வேண்டும். பண்டாரவளையில் ஒரு பட்டறை இருந்தது. தேயிலை ஃபேக்டரியில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட் வாரை வெட்டி, பிரேக்குக்குப் பட்டையாக வைத்துத் தருவார்கள். அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று முதலாளியும் தலையாட்டினார்.

பட்டை தேய்ந்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாதி மிதித்தால் நின்ற கார், அடிவரை மிதித்தால்தான் நின்றது. பிறகு கீச்சிட ஆரம்பித்தது. பட்டையைப் பிடித்திருக்கும் ஆணி வெளியே வந்து சக்கரத்து இரும்பில் உரசுகிற சத்தம் அது. அதைக் கேட்ட பிறகும் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறவன் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. இந்த விஷயத்தில் நான் யாருக்கும் தாட்சண்யம் பார்த்ததில்லை.

முதலாளி தோட்டங்களுக்கு மாட்டுவண்டியில் அரிசி ஏற்றி முன்னுக்கு வந்தவர். வண்டி கீச்சிட்டால் வண்டிக்காரர்களுக்கு மானம் போகும். அச்சுக்கு மை போடாதவன் மாட்டுக்கு எங்கே புண்ணாக்கு வைக்கப்போகிறான் என்று கேலி பேசுவார்கள். அன்று சம்பந்தி வீட்டு வாசலில் எங்கள் கார் அலறிக்கொண்டே போய் நின்றது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், பின்சக்கரங்களில் ஒரே பிசுக்கு; அந்தப் பழைய காருக்குப் பிரேக் இருந்ததே அவற்றில் மட்டும்தான். தொட்டு முகர்ந்தேன். விளக்கெண்ணெய். நான் பந்தியில் இருந்த நேரம் பார்த்து, முதலாளி சம்பந்தி வீட்டு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, சத்தம் வந்த இடமெல்லாம் தாராளமாக ஊற்றச் சொல்லியிருக்கிறார். வழுக்காமல் இறுக்கிப் பிடிக்க வேண்டிய பட்டைக்கு எண்ணெய்க் குளியல். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

அவரோ வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நிம்மதியாக வந்தார். தள்ளிப் பார்த்தோம், சத்தமே இல்லை, இனிப் பட்டறை எதற்கு, நல்ல நேரம் தவறப்போகிறது, வண்டியை எடு என்றார். நான் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"எடுக்க முடியாதுங்க மொதலாளி."

"யாருகிட்ட பேசுறன்னு தெரியுதா? நாளைக்கே வேற டிரைவரப் போட்டுருவேன்."

"போடுங்க. அவனும் இந்தக் காருல புள்ளத்தாச்சிய ஏத்தக்கூடாது."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அது தெரிந்துதான் பேசினேன், பயமாகவும் இருந்தது. ஆனால் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் என் பின்னால் உட்கார்ந்திருக்க, நிற்காத காரை அந்த மலையில் இறக்குவதைவிட வேலை போவது மேல். நீங்கள் மட்டும் ஏறுங்கள், தெருக்கோடி வரை போவோம், கார் நின்றால் மகளை ஏற்றுகிறேன் என்றேன். அவர் வீறாப்பாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தத் தெரு கொஞ்சதூரம் சரிந்து, பிறகு மேடாகும். அதைப் பார்த்துவைத்துத்தான் கூப்பிட்டேன். சரிவில் இறங்கியதும் பிரேக்கை அடிவரை மிதித்தேன். கைப்பிரேக்கையும் இழுத்தேன். எண்ணெய் அதையும் விட்டுவைக்கவில்லை. கார் சத்தமே இல்லாமல் தன்பாட்டுக்குப் போனது. சத்தம் வராததைப் பார்த்து முதலாளி முதலில் சிரித்தார். பிறகு குனிந்து, மிதித்தபடியே இருந்த என் காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். மேடு ஏறி வேகம் குறைந்ததும் கியரில் போட்டு எஞ்சினை அணைத்தேன்.

திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அவர் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். நானும் சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

வாசலில் சம்பந்தி வீட்டார் எல்லோரும் வழியனுப்ப நின்றார்கள். மகள் கை நிறைய வளையலோடு துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குறித்த நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், மூட்டையை மட்டும் அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். பரஸ்தானம் என்பார்கள், ஆள் புறப்பட்டுவிட்டதாகவே கணக்கு. அதற்கு எஞ்சின் கோளாறு, டிரைவருக்குக் காய்ச்சல் என்று வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லி அவர் தப்பித்திருக்கலாம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் தலைகுனிய யாருக்கு மனம் வரும்?

"கெளம்பலாமாப்பா?" என்றாள் மகள்.

"இல்லம்மா. ஊரு சிரிக்குதுன்னு ஒன்னைய நானே கொல்லப் பாத்தேன்."

சம்பந்தி, மாமியார், வண்டிக்காரர், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி, யாரிடமும் கொடுக்காமல், தாமே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படியேறினார்.