‘ம’வுக்கு முன் ஒரு மௌனம்

பேச்சைச் சரிசெய்வதுதான் அவள் தொழில். பக்கவாதம் வந்து சொற்களைத் தொலைத்தவர்களுக்கும், பள்ளியில் வாய் திறக்கவே கூசும் பிள்ளைகளுக்கும் ஒரு மாடி அறையில் பயிற்சி கொடுத்துவந்தாள். தெருவில் ‘பேச்சு டாக்டர்’ என்றார்கள். டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். பேருந்து ஓட்டும் அவள் கணவன், ஊர் வாயையெல்லாம் திறந்துவிடுகிறவள் கட்டிய புருஷன் வாயை மட்டும் அடைத்துவிடுகிறாள் என்று கேலி செய்வான்.

தேர்தல் நெருங்கிய சமயம், அந்தத் தொகுதியில் நின்ற கட்சித் தலைவரின் பிரசார மேலாளர் அவளைத் தேடி வந்தார். தலைவர் பேசும் விதத்தை அலசிச் சொல்ல வேண்டுமாம். குரல், வேகம், கையசைவு எல்லாம். முக்கியமாக ஒரு தலைவலி: பேச்சின் நடுநடுவே தலைவர் நின்றுவிடுகிறார். மைதானத்தில் அதற்குக் கைதட்டல் விழுகிறது. தொலைக்காட்சியிலோ படம் உறைந்துபோன மாதிரி இருக்கிறது. அதை எப்படியாவது ஒழிக்க வேண்டும் என்றார்.

மதியங்களில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பழைய கூட்டங்களைப் போட்டுப் பார்த்தாள். கரகரப்பில்லாத குரல். அவசரமே இல்லை. கையை ஓங்கி மேசையைத் தட்டும் பழக்கமும் கிடையாது. பிறகு அந்த மௌனம் வரும். அறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு முறையும் மௌனத்தை அடுத்து வந்த சொல் ‘மக்கள்’, ‘மண்’, ‘மழை’. எல்லாமே ‘ம’. சில இடங்களில் ‘மக்கள்’ வர வேண்டிய இடத்தில் ‘பொதுஜனம்’ என்று சுற்றிவளைத்துக்கொண்டு போயிருந்தார். அவள் பயிற்சி அறைக்கு வரும் பிள்ளைகள் செய்வதும் இதையேதான். ஊரே கொண்டாடிய அந்த நடைக்குப் பெயர் திக்கல்.

ஆனாலும் நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல மனம் வரவில்லை. ஒரு மாலைக் கூட்டத்தில் போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். மேகம் தாழ்ந்து, மைதானம் முழுக்க மங்கிய மஞ்சள் வெளிச்சம். தலைவர் பேசிக்கொண்டே வந்தவர் நின்றார். உதடு மூடியிருந்தது. கூட்டம் அப்படியே தண்ணீருக்கடியில் இறங்கியதுபோல் ஆனது. பக்கத்திலிருந்த பெண்ணின் முகம் எங்கோ போய்விட்டிருந்தது. மடியில் குழந்தை வாய் பிளந்து தூங்கியது. அவளும் எங்கோ போனாள். எப்போதோ குடியிருந்த வீட்டின் படிக்கட்டு, ஈரத்துணி வாசம், யாரோ மாடியிலிருந்து கூப்பிடுவது. “மக்களே” என்று குரல் வந்தபோது எல்லோரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள்.

மறுநாள் மேலாளரிடம் குரலும் வேகமும் நன்றாக இருக்கின்றன என்றாள். மௌனம் பற்றிக் கேட்டதற்கு, “அங்க மட்டும் கை வைக்காதீங்க” என்றாள். காரணம் கேட்டார். சொல்லவில்லை. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து, விடுமுறை மதியத்தில், தலைவரே தனியாகப் படியேறி வந்தார். பெரிய நாற்காலிகளில் பொம்மைகளும் படஅட்டைகளும் குவிந்திருந்ததால் பிள்ளைகளின் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் நெஞ்சை முட்டியது.

“அங்க கை வைக்காதீங்கன்னு சொன்னீங்களாம். கண்டுபிடிச்சிட்டீங்க, இல்லையா?”

அவள் தலையசைத்தாள்.

பேச்சு நிற்கும் நேரத்தில் தன் கண்முன் சிறுவயது வகுப்பறை ஒன்று தெரியும் என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மிதக்கும். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தூசி அடங்கினால்தான் சொல் வருமாம். மேடையில் இது தனக்குப் பழகிவிட்டது, அது கிடக்கட்டும் என்றார்.

“வெளியூர்ல இருக்கிற என் பொண்ணை ஒரு தடவைகூட...” என்றவர், கையருகே கிடந்த சிலேட்டில் ‘மகளே’ என்று எழுதிக் காட்டினார். “இப்படிக் கூப்பிட்டதில்ல. என் அப்பா என் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார். ஆசையா இருக்கும். எனக்கு வாயில வரலைங்க.”

அன்றே பயிற்சி தொடங்கியது. உதட்டை இறுக்கக் கூடாது, தொட்டும் தொடாமலும் வைத்து, உள்ளே ஒரு ரீங்காரத்தை ஓடவிட்டு, அதன் மேல் சொல்லை மிதக்கவிட வேண்டும் என்று காட்டினாள். இரண்டு பெரியவர்கள் தேனீ மாதிரி முனகிக்கொண்டிருந்த மதியங்கள் பல கழிந்தன. தேர்தல் வந்து போனது. மயிரிழையில் ஜெயித்தார். ஜெயித்த வாரமும் வகுப்பைத் தவறவிடவில்லை.

ஒருநாள் அவள் எதிரிலேயே தொலைபேசியை எடுத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடினார். எதிர்முனையில் ஆள் எடுத்ததும், மெதுவாக, ஒரு தாலாட்டின் தொடக்கம்போல, “ம்ம்மகளே” என்றார்.



“யாருங்க பேசறது?” என்றாள் மகள்.

“அப்பாதான்” என்றார். மேலே பேச முடியாமல் சிரித்தார்.

அவள் எழுந்து, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.