அம்மா ஏறி மிதித்த சோளம்

போன வாரம் அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து மரக்காணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணமாகித் திண்டிவனத்துக்குப் போன பிறகும், ஊருக்கு வந்தால் எனக்கு அந்த வண்டிதான். உப்பளத்தை ஒட்டி ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. அது நிறைய வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய உருண்டைக் கட்டுகள். அதில் ஒன்று கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக ஒரு வாசனை வந்தது. லேசான புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. எலுமிச்சை ஊறுகாயையும் அதிகம் பழுத்த வாழைப்பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. எதிரே பைக்கில் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். அப்பா வண்டியை நிறுத்தினார்.

"பாப்பா, வாசனை வருதா?"

"வருதுப்பா."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். லாரி டிரைவர் எங்களை வழி தெரியாதவர்கள் என்று நினைத்து, "எங்க போவணும்?" என்று கேட்டார். நாங்கள் அந்த நேரம் போயிருந்த இடம் எங்கள் வீட்டுப் பழைய மாட்டுக்கொட்டகை. அதை அவரிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்து மரக்காணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வேலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மெஷினின் மூடியைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். ஆனாலும் மாதச் சம்பளக்காரி என்ற மிதப்பில் வீட்டில் சாணி அள்ளுவதை விட்டிருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செவலைக்கான வேலையை வேறு யார் செய்தாலும் அம்மாவுக்குத் திருப்தி வராது.

செவலை எங்கள் பசு. ஒரே பசு. உடம்பு முழுக்கச் செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. அம்மா முற்றம் பெருக்கும்போது துடைப்பத்தைப் பிடித்து இழுக்கும். மற்றவர்கள் பெருக்கினால் இழுக்காது. இதை அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

எங்கள் ஊர், உப்பளங்கள் முடிந்து நிலங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. பங்குனி பிறந்தால் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், புல் பூண்டு எல்லாம் கருகிவிடும். அதனால் கோடைக்குக் கோடை செவலையைப் பெருமுக்கலில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் விடுவோம். மழை வந்த பிறகு திரும்பி வரும். சுனாமி வந்ததற்கு அடுத்த கோடையில் அது அங்கேதான் கன்று போட்டது. கன்று தங்கவில்லை. சேதி அம்மாவிடம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாமா மேல் குற்றமில்லை, ஆனால் அம்மா அந்த வருஷம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். செவலை மறுபடி சினையானதும் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டி அவ என் வாசல்லதான் கன்னு போடணும். எங்கயும் அனுப்ப மாட்டேன்."

"தீனிக்கு இன்னா பண்றது?" என்றார் அப்பா.

"அது உங்க கவலை."

அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊரைப் புரட்டிப் போட்டது. வைக்கோல் போர் நனைந்து உள்ளே சூடேறி, கையை விட்டால் புகை மாதிரி ஆவி வந்தது. அத்தனையும் வீண். மேட்டுக் கொல்லையில் விதைத்திருந்த தீவனச் சோளம் மட்டும் அந்த மழையைக் குடித்துவிட்டு ஆள் உயரத்துக்கு நின்றது. ஆனால் மார்கழிச் சோளத்தைச் சித்திரை வரைக்கும் எப்படி வைத்துக்கொள்வது? காயப்போட்டால் பனியில் பூசணம் பிடிக்கும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அப்பாவுக்கு ஒரு வழி சொல்லி அனுப்பினார். பச்சையாகவே வெட்டி, துண்டு போட்டு, காற்றுப் புகாமல் அழுத்தி மூடி வைத்தால் அது ஊறிப் பதப்பட்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்குமாம். ஊறுகாய்ப்புல் என்று பெயராம். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தார்.

"மாட்டுக்கு ஊறுகாயா?" என்றாள் அம்மா. "அப்ப தயிர்ச்சோறு யாரு குடுக்கறது?"

கிண்டல் செய்தாளே தவிர, ஊறுகாய் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஊறுகாய் போடுவதில் எங்கள் தெருவில் அம்மாதான். ஜாடியை எப்போது மூடுவது, எப்போது திறந்து கிளறுவது எல்லாம் அத்துப்படி. இந்தத் தைரியம் பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

குழி தோண்டச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் மண்ணில் இடுப்பளவு தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். அப்பா தோண்டிப் பார்த்துவிட்டு, அந்தக் குழியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது அம்மாதான் பழைய மாட்டுக்கொட்டகையைக் காட்டினாள். மழையில் கூரை போய் மூன்று பக்கம் மண்சுவர் மட்டும் நெஞ்சுயரத்துக்கு நின்றது. அதற்குள்ளேயே தீவனத்தைப் போட்டு அழுத்தினால் ஆயிற்று. தார்ப்பாய்க்குப் பஞ்சமில்லை. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் சுனாமி நிவாரணத்தில் வந்த நீலத் தார்ப்பாய்தான். குப்பத்தில் புது வீட்டுக்குக் குடிபோன அப்பாவின் கூட்டாளி ஒருவர், அதுவரை குடும்பத்தோடு எந்தத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தாரோ அதையே மடித்துக் கொடுத்தார். "இது என் கண்ணுல படாம எங்கனா இருக்கட்டும்பா" என்றார்.

கதிரைக் கிள்ளி மணியை நசுக்கினால் பால் வர வேண்டும், அதுதான் அறுக்கிற பக்குவம். விடிந்ததும் மூன்று பேரும் அரிவாளோடு இறங்கினோம். சோள இலையின் ஓரம் முன்னங்கை முழுக்கக் கீறும், கீறலில் வியர்வை பட்டால் எரியும். கடைக்கு வந்தவர்கள் என் கையைப் பார்த்து வீட்டில் பூனை வளர்க்கிறாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். சம்பளக்காரியின் கௌரவம் அப்படி.

அறுத்ததை வெயிலில் கொஞ்சம் வாடவிட்டு, இரவல் வாங்கிய சக்கர மெஷினில் துண்டு போட்டோம். நான் சக்கரத்தைச் சுற்ற, அப்பா தட்டையைச் செருகினார். கொட்டகைக்குள் ஒரு அடுக்கு சோளம், அதன்மேல் அம்மா வெல்லத் தண்ணீரும் உப்பும் தெளிப்பாள். பிறகு மிதிக்க வேண்டும். உள்ளே காற்றே இருக்கக் கூடாது. இருந்தால் மொத்தமும் அழுகும். டாக்டர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

இங்கே ஒரு சிக்கல். அப்பாவும் நானும் ஒரே வார்ப்பு. காற்றடித்தால் வேலியைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. நாங்கள் ஏறி மிதித்தோம், குதித்தோம், கை கோத்துக்கொண்டுகூடக் குதித்துப் பார்த்தோம். சோளம் அமுங்குவதாகக் காட்டிவிட்டு, இறங்கியதும் பொம்மென்று எழுந்துகொண்டது.

அம்மா நல்ல பருமன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். காரணம் ஒரு சைக்கிள். எனக்கு விவரம் தெரியாத வயதில் அப்பா அம்மாவைக் கேரியரில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். நட்டநடுத் தெருவில் பின் டயர் வெடித்தது. நூல் தெரிகிற டயர், யார் உட்கார்ந்திருந்தாலும் வெடித்திருக்கும். ஆனால் கடைத்தெரு சிரித்தது. அதைக்கூட அம்மா பொறுத்திருப்பாள். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா அவர் வண்டியில் ஏறவில்லை. எங்கே போனாலும் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார், அம்மா பக்கத்தில் நடப்பாள். அதுதான் புருஷன் பெண்டாட்டி வெளியே போகிற முறை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அப்பா சோளத்தின் மேல் நின்றபடி வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ கொஞ்சம் ஏறினா நல்லாருக்கும்மே."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏன், டயரு வெடிச்சிட்டா?"

சக்கரத்தைப் பிடித்திருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அது டயரு பழசும்மே."

"அத அன்னிக்கு கடத்தெருவுல சொல்லியிருக்கணும்."

அப்பா இறங்கி வந்தார். அம்மாவுக்கு எதிரே நின்று, என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நான் சிரிச்சது தப்புதான்." பிறகு மெதுவாக, "இது அமுங்கலன்னா செவலை பெருமுக்கலுக்குத்தான் போவணும்" என்றார்.

அம்மா திரும்பிச் செவலையைப் பார்த்தாள். வயிறு அப்போதே தெரிய ஆரம்பித்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள், காலைத் தேய்த்துக் கழுவினாள். மாடு தின்கிறதில் கால் வைக்கப் போகிறோமே என்று சோளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா கை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அம்மா மிதித்த இடம் மிதித்தபடியே இருந்தது. சோளம் எழுந்திருக்கவே இல்லை. சுவரோரமாக ஆரம்பித்து, குதிகாலை ஊன்றி ஊன்றிச் சுற்றிச் சுற்றி வந்தாள். முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் மிதித்தாள். அடுக்கு ஏற ஏறத் தலையும் நிமிர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் போன பக்கத்து வீட்டுக்காரி நின்று, "இன்னாக்கா, உன்ன மேல ஏத்திட்டாங்க?" என்று சிரித்தாள்.

"என் வெயிட்டுக்குத்தான் இங்க வேலை" என்றாள் அம்மா. "நீ ஏறினா ஒரு தழைகூட மடங்காது, போடி."

அம்மா தன் உடம்பைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சோளத் தூசி என்று துடைத்துக்கொண்டேன். மாலையில் தார்ப்பாயை இழுத்து மூடி, உப்பு மூட்டைச் சாக்குகளில் மணலை நிரப்பி மேலே அடுக்கினோம். மாசி கடைசி வரைக்கும் திறக்கவே கூடாது.

தையில் மாட்டுப்பொங்கல் வந்தது. செவலைக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் மாலை, வாழையிலையில் பொங்கல். அப்பா தெருப்பக்கம் போயிருந்தார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இவளுக்கென்று போட்டதை இவளுடைய நாளில் ஒரு வாய் கொடுக்காமல் இருப்பதா? தவிர, எந்த ஊறுகாயையும் நடுவில் ஒருமுறை திறந்து பார்ப்பதுதானே வழக்கம்? ஒரு மூலையில் சாக்கை நகர்த்தி, தார்ப்பாயைத் தூக்கி, கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள்.

"நல்லாத்தாண்டி இருக்குது, தின்னு."

தின்னவில்லை. அம்மா தார்ப்பாயை மூடிவிட்டுப் போனாள். சரியாக மூடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்த மூலையிலிருந்து நாற்றம் கிளம்பியது. அப்பா தூக்கிப் பார்த்தார். கறுப்பாக, பூசணம் பூத்து இருந்தது. "நாந்தான்" என்றாள் அம்மா. அப்பா திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ மேலே மணல் மூட்டையைக் கூட்டி வைத்தார். மாசி முழுக்க அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மாமா வேறு சேதி அனுப்பியிருந்தார், மாட்டை எப்போது ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று.

மாசி கடைசியில் திறந்தோம். அப்பா மண்வெட்டியால் கறுத்துப்போனதை வெட்டி வெட்டித் தள்ளினார். அம்மா செவலையின் பக்கத்தில் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு முழம் வரைக்கும் அழுகல்தான். அதற்கப்புறம் மண்வெட்டி இறங்க மறுத்தது. சோளம் பலகை மாதிரி இறுகியிருந்தது. பெயர்த்து எடுத்தால் பழுப்பும் பச்சையுமாக, ஈரம் மாறாமல், லாரியில் வந்த அதே வாசனையோடு வந்தது. அப்பா ஒரு கூடை அள்ளிச் செவலைக்கு முன்னால் வைத்தார். இந்த முறை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, நேரே வாயை வைத்தது.

"வேற யாரு மிதிச்சிருந்தாலும் மொத்தமும் போயிருக்கும்" என்றார் அப்பா. "உன் மிதிக்கு உள்ள காத்து போவ வழியே இல்லம்மே."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சித்திரையில் செவலை, அம்மா கேட்ட மாதிரியே எங்கள் வாசலில் கன்று போட்டது. கிடேரி.

இப்போது அந்தக் கொட்டகைச் சுவர் இல்லை. செவலை இல்லை, அதன் கன்றும் அந்தக் கன்றின் கன்றும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து, அதன் பின்னாலேயே வேறு என்னவெல்லாமோ வந்து, கண்ணெதிரில் இளைத்துக்கொண்டே போனாள். ஜாக்கெட்டைப் பிடித்துப் பிடித்துத் தைத்துப் போட்டேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்து வீடு திரும்பிய ஒருநாள், பஸ்ஸைவிட்டு இறங்கி ஊருக்குள் போக ஆட்டோ இல்லை. அப்பா மொபெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். அவள் ஏறியது வண்டிக்குத் தெரியவே இல்லை.

நான் பின்னால் நடந்து வந்தேன். வண்டி என் நடைக்குத்தான் போனது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அப்பா ஒரு கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இருக்கியாம்மே?"

"இருக்கேன், இருக்கேன். ரோட்டப் பாத்து ஓட்டு."

அதற்கப்புறம் அம்மா அதிக நாள் இருக்கவில்லை.

லாரிக்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு அப்பா வண்டியைக் கிளப்பினார். வாசனை கொஞ்ச தூரம் கூடவே வந்து விட்டுப்போயிற்று. மரக்காணம் வருவதற்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அங்கே வண்டி மெதுவானதும், அப்பாவின் இடது கை பின்னால் வந்து துழாவியது. எப்போதும் வரும். அது என்னைத் தேடி வருகிற கை இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேம்பா" என்றேன்.