இரண்டு நம்பர் பெரிய ஷூ

என் மச்சானை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். அவளுடைய அண்ணன் அவர். போலீஸில் இருக்கிறார். நான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவன். அருவிக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை, நாலு பலகை. வருகிறவர்களைப் படுக்கப் போட்டு, தேய்த்து, அமுக்கி, சொடக்கு எடுத்து அருவிக்கு அனுப்புவேன். இருபத்தைந்து வருஷமாக இதுதான் வேலை.

ஒரு கல்யாண வீட்டில் மச்சான் தன்னுடைய சிநேகிதர்களிடம் என்னைக் காட்டி, "இவரு நம்ம மாப்ள. ஊரு உடம்பெல்லாம் இவருக்கு அத்துப்படி. வாய்தான் கிடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஆத்திரம் வந்தால் சிரிப்புதான் வரும், பேச்சு வராது. வீட்டுக்கு வந்த பிறகு மனதுக்குள் பேசுவேன். அப்படி அவரிடம் நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மூட்டை இருக்கும்.

என் மகளை ஸ்கேட்டிங்கில் சேர்த்து விட்டதும் அவர்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட வேலை பார்க்கிற ஒருவருடைய மகளுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைத்ததாம். அதிலிருந்து இது ஒன்றே பேச்சு. காலையில் தன் பைக்கில் வந்து மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தரையில் பயிற்சி. அவளுக்கு அது பிடித்துப் போனது என்பதுதான் எனக்கு இன்னும் கசப்பு. நான் கூப்பிட்டால் மூன்று தரம் கூப்பிட வேண்டும். அந்த ஹாரனுக்கு ஒரு தரம் போதும்.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போனபோது சொந்தமாக ஸ்கேட்டிங் ஷூ வாங்க வேண்டும் என்றார்கள். ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூ. மச்சான் மதுரைக்குப் போய்க் கடையில் நின்றுகொண்டு போன் செய்தார். போனை எடுத்தது நான். மகள் பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளைக்கு அஞ்சு நம்பர். அஞ்சே வாங்கட்டா?" என்று கேட்டார்.

அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற சாமான். ஒரு வருஷத்தில் கால் வளர்ந்து விட்டால்? எங்கள் வீட்டில் செருப்பு என்றாலும் யூனிபாரம் என்றாலும் ஒன்றிரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். பாவாடையை மடித்துத் தைப்போம், வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்து விடுவோம். எங்கள் தெருவில் அளவு எடுத்துச் செருப்பு வாங்குகிறவர்கள் யாரும் இல்லை. அதனால் நான் சொன்னேன்: "வளருத பிள்ளை. ரெண்டு நம்பர் கூடவே வாங்கிருங்க."

"இதுலயாவது வெவரமாப் பேசுதீரே" என்று சொல்லி ஏழு நம்பர் வாங்கி வந்தார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

கொஞ்ச நாளில் கொட்டகைக்கு நான் கொண்டுபோகிற துண்டு ஒன்று காணாமல் போனது. எண்ணெய் ஏறிய பழைய துண்டுதான். ஆனாலும் என் பொருளை எடுத்தால் எனக்கு ஆகாது. மனைவியிடம் சத்தம் போட்டேன். அவளிடம் மட்டும் எனக்குச் சத்தம் வரும்.

சாரல் பிடித்து சீசன் சூடாக இருந்த நேரத்தில் மகளுக்குக் கால் வலி ஆரம்பித்தது. வலது கால், கெண்டைக்கு முன்பக்கம். முதலில் ஸ்கேட்டிங் முடிந்து வந்தால் வலித்தது. பிறகு படி ஏறினால் வலித்தது. பிறகு சும்மா நின்றாலே முகம் சுளித்தாள். அடுத்த மாதம் மாநிலப் போட்டி. அதில் கலந்துகொண்டால் சர்டிபிகேட் கிடைக்கும், அந்த சர்டிபிகேட்தான் நாளைக்கு வேலைக்கு வழி என்று மச்சான் அவள் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அதனால் வலியை அவரிடம் மறைத்தாள். என்னிடம்தான் காலை நீட்டினாள்.

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. அவருடைய வேலையால் வந்த வலி, என் கையால் போகப் போகிறது என்று நினைத்தேன். காலையில் எண்ணெயைச் சூடு பண்ணி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் பெருவிரலால் இழுத்து அமுக்கினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மூன்றாம் நாளே எனக்கு ஒன்று தெரிந்தது. சதை வலி என்றால் அமுக்க அமுக்க இடம் மாறும், கொஞ்சம் இளகும். இவளுக்குக் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி, உள்பக்க எலும்பில் ஒரே இடம். அதில் விரல் பட்டால் கால் துள்ளியது. அந்த இடம் இளகவே இல்லை. கொட்டகைக்கு வருகிற ஒருவருக்கு இப்படி இருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். டாக்டரைப் பாருங்க அண்ணாச்சி என்று அனுப்பியிருப்பேன்.

அனுப்பாததற்குக் காரணம் மச்சான். அவள் நொண்டுவதை ஒருநாள் பார்த்துவிட்டார். வீட்டுக்குள் வந்து, எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்து, "மாப்ளே, இது எண்ணெய் வேலை இல்ல, டாக்டர் வேலை. நீரு உம்ம கொட்டகையோட நிறுத்திக்கிடும்" என்றார். நான் சிரித்தேன். அவர் போன பிறகு இன்னும் அழுத்தி அமுக்கினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அமுக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து அருவிக்கும் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் விழுகிற இடத்தில் காலை நீட்டி வைக்கச் சொன்னேன். தண்ணீரும் நம்முடைய வேலையைத்தான் செய்யும் என்று சொன்னேன். திரும்பி வரும்போது அவளால் படியில் இறங்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கினாள்.

மறுநாள் தென்காசியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். வரிசையில் நின்றபோது சீட்டு எழுதுகிற பெண் என்ன உபாதை என்று கேட்டாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்கவில்லை. "வாய்க்குள்ளயே பேசினா நான் என்னத்த எழுத?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். ஒரு தாளைத் தள்ளி நிரப்பச் சொன்னாள். அதில் பாதி இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்பு. தாளை மகளிடம் கொடுத்தேன். அவள் ஒற்றைக் காலில் நின்று சுவரில் வைத்து எழுதினாள். அதற்குள் மச்சானும் யூனிபாரத்தோடு வந்துவிட்டார். யூனிபாரத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து, உட்காருங்க சார் என்றாள். என் மனதில் இருந்த மூட்டையில் அவளையும் சேர்த்தேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்து ஒரு இடத்தைக் காட்டினார். தலைமுடி மாதிரி ஒரு கோடு. எலும்பில் விரிசல் என்றார். பிறகு காலைத் தொட்டுப் பார்த்தார். தோல் கன்றிப்போய், அமுக்கிய தடம் நீலமாக இருந்தது.

"யார் அமுக்கினது இதை?"

மகள் தரையைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்தேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் எண்ணெய் நிற்கும். டாக்டரும் அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் என்னை விட்டுவிட்டு, ஸ்கேட்டிங் ஷூவைக் கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். அது மச்சானுடைய பைக்கில் இருந்தது. போய் எடுத்து வந்தார்.

டாக்டர் அவள் காலையும் ஷூவையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு ஷூவுக்குள் கையை விட்டு, மூக்குப் பகுதியிலிருந்து ஒரு துணிச் சுருட்டை இழுத்தார். இன்னொன்றிலிருந்தும் இழுத்தார். மேஜை மேல் போட்டார். எண்ணெய் வாடை அடித்தது. இரண்டாகக் கிழித்த என் துண்டு.

ஷூவில் இவ்வளவு இடம் இருந்தால் கால் உள்ளே ஆடும், ஒவ்வொரு தள்ளலுக்கும் எலும்புதான் தாங்க வேண்டும், மாதக்கணக்கில் இப்படி ஓடினால் எலும்பு என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு, "யார் வாங்கிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் மச்சான்.

"போலீஸ்ல உங்களுக்கு ரெண்டு சைஸ் பெரிய பூட்ஸ் கொடுத்தா ஓடுவீங்களா?"

டாக்டர் நிறுத்தவில்லை. படித்த மனுஷர் இப்படிச் செய்யலாமா, பிள்ளையின் கால் என்ன பரிசோதனைக் கூடமா என்று கேட்டுக்கொண்டே போனார். மச்சான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்கச் சொன்னது நான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை. எனக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்க ஆசையாக இருந்தது. இருபது வருஷமாகக் காத்திருந்தது கிடைத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் வந்த அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆறு வாரம் சக்கரத்தைத் தொடக்கூடாது, காலில் பட்டை மாட்ட வேண்டும், யாரும் அமுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "நீங்கதானப்பா ரெண்டு நம்பர் கூட வாங்கச் சொன்னிய."

"சும்மா கெட, ஏட்டி" என்று மச்சான் அவளை அடக்கினார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. திட்டை அவர் வாங்கிக்கொண்டது மட்டும் இல்லாமல், இப்போது எனக்குப் பரிந்தும் பேசுகிறார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

நாலு நாள் கழித்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, போட்டிக்குப் போகத்தான் வேண்டும் என்றார். சரியான அளவு ஷூவை இரவல் வாங்கிவிடலாம். "ஒரு ஊசி போட்டா ஒரு நாள் தாங்கும். எங்க ஆளுவ பரேடுக்கு அப்படித்தான் போறாவ. ஓடி முடிச்சிட்டு ஆறு வாரம் என்ன, அறுபது வாரம் படுத்துக்கிடட்டும்."

மகள் உடனே சரி என்றாள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் சிரிப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாலு விரல் தள்ளிய இடம் என் பெருவிரலில் இருந்தது. அதில் பட்டபோது கால் துள்ளியது இருந்தது. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் என்னை யார் மதிப்பார்கள்? ஏன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

"பெரிய ஷூ வாங்கச் சொன்னது நான்" என்றேன். "எலும்புன்னு தெரிஞ்சும் அமுக்குனது நான். நீங்க டாக்டர்ட்ட போவச் சொன்னியன்னுதான் போகாம இருந்தேன். இனி ஊசியப் போட்டு ஓட விட்டதும் நான்னு ஆகக் கூடாது. அவ போக மாட்டா."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "இத அங்கன டாக்டர் முன்னாடி சொல்லிருக்கணும் வே" என்றார். எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகும்போது எப்போதும் அடிக்கிற ஹாரனை அன்றைக்கு அவர் அடிக்கவில்லை.

மகள் அழுதாள். "இத்தன நாளும் பேசாதவரு இன்னைக்கு மட்டும் ஏன் பேசுதிய?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வேண்டுமா என்றால் அம்மாவிடம் பதில் சொல்வாள். போட்டி நடந்த நாளில் காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நான் கொட்டகைக்குப் போய் வருகிறவர்களைத் தேய்த்தேன். ஒருவர், என்ன அண்ணாச்சி கையில் வேகமே இல்லையே என்று குறை சொன்னார். அவர் காலை அமுக்க எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கும் கணுக்காலுக்கு மேலே போகும்போது விரல் தானாக லேசாகிவிடுகிறது.

ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே. கோடு மூடியிருக்கிறது என்றார் டாக்டர். மெதுவாகத் தொடங்கலாம், அளவான ஷூ போட்டால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். என்னைப் பார்க்காமல் ஒரு செய்தித்தாளைத் தரையில் விரித்து, "ஏட்டி, இதுல ஏறி நில்லு" என்றார். பழைய ஷூவை யாருக்கோ விற்றுவிட்டாராம். இந்தத் தடவை காலை வரைந்து கொண்டுபோய் வாங்கப் போகிறார். அவருக்குக் குனிய முடியவில்லை, தொப்பை. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கையக் கழுவிட்டு வாரும்" என்றார். "தாளுல எண்ணெய் ஒட்டும்."

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மகள் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். சாய்ந்துகொள்ள என் தோள் அங்கேயே இருந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் குதிகாலில் ஆரம்பித்து விரல்களைச் சுற்றிப் பேனாவை ஓட்டினேன். வலது காலுக்கு வந்தபோது முகத்தைப் பார்த்தேன். சுளிக்கவில்லை.

"ஒட்டி வரையும். ஒரு நூலு கூடப் போகக் கூடாது" என்றார் மச்சான் மேலே நின்றுகொண்டு.

எனக்கு ஆத்திரம் வந்தது. சிரிக்காமல், ஒட்டி வரைந்தேன்.