இரண்டு மாத பில்லும் மாடியில் ஒரு ஸ்டாரும்

வீட்டில் சோலார் போடப்போகிறேன் என்று சொன்னபோது எங்கள் தெருவில் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற நாடு இது. சுசீந்திரம் பக்கம் வயல்வெளியில் வீடு கட்டியவர்களுக்காவது வெயில் நேராக விழும். எங்களுக்குத் தென்னையும் பலாவும் குடித்தது போக மிச்சம்தான்.

"சாரே, பேச்சிப்பாறை டேமுல தண்ணிதான் நெறஞ்சு கெடக்கு. வெயிலுக்கு எங்க போவிய?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

நான் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கணக்கு தப்பாது என்கிற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. கூடவே முன்கோபமும் உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சோலார் ஆசை வந்ததே என் மனைவியின் ஓவனால்தான். அவள் டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக் சுட்டு விற்பாள். செப்டம்பரிலேயே முந்திரியும் உலர்திராட்சையும் பரணி ஜாடிகளில் ஊறத் தொடங்கிவிடும். போன வருஷம் ஓவன் இரவு பகலாக ஓடியதில் இரண்டு மாத பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் கோட்டைத் தாண்டினால் மின்வாரியத்தின் விலையே வேறு. மாவும் முட்டையும் வாங்கியது போக அவளுக்கு மிஞ்சியதை பில் தின்றுவிட்டது. "இன்னொரு வருசம் இப்பிடி வந்தா ஓவனை வித்திருவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். வீட்டில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த ஓவன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அரசு மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன். பில்லுக்குக் கட்டுகிற தொகையும் மாதத் தவணையும் ஏறக்குறைய சரியாக வந்தது. கடன் முடிந்தபின் வருவதெல்லாம் லாபம். கோடையில் பேனல்களைப் பொருத்தினார்கள். பகலில் நமக்கு மிஞ்சுகிற மின்சாரம் லைனுக்குப் போய்விடும், நாம் எடுப்பதில் அதைக் கழித்துக்கொள்வார்கள் என்று சொல்லி மீட்டரையும் மாற்றினார்கள். முதல் மாதமே ஒரு அவமானம். கரண்ட் போனபோது எங்கள் வீடும் இருண்டது. தனியாக பேட்டரி இல்லாவிட்டால் லைன் நின்றதும் சோலாரும் நின்றுவிடுமாம். எதிர்வீட்டுக்காரர் மெழுகுவர்த்தி கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

ஆனால் பில் குறைந்தது. ஆடிச் சாரலில்கூட, எனக்கே நம்ப முடியாத அளவுக்குக் குறைந்தது. வானம் மூடியிருந்தாலும் கொஞ்சமாவது வந்துகொண்டுதான் இருந்தது. போனில் சோலார் உற்பத்தியைக் காட்டும் வரைபடம் காலையில் ஏறி மதியம் உச்சிக்குப் போய் மாலையில் இறங்குவதைப் பார்ப்பதே எனக்குத் தினசரி ஜெபம்போல ஆகிவிட்டது. மனைவியும் தைரியமாக ஆர்டர் எடுக்கத் தொடங்கினாள்.

டிசம்பர் பிறந்தது. வரைபடத்தின் உச்சி காணாமல் போயிற்று. மழை என்று நினைத்தேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நாளிலும் பாதிதான் காட்டியது. சபைப் பாடகர் குழு கேரல் சுற்றி வருவதற்கு இருபது கேக் கேட்டிருந்தார்கள். மனைவி குழுவின் பொறுப்பாளர் அம்மாவை அழைத்து, "இந்த வருசம் முடியாது, கோவிச்சுக்கிடாதிய" என்று சொல்வதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். சோலார் போட்டுக் கொடுத்தவரை அழைத்து, ஏமாற்றிவிட்டாய், மட்டமான பேனலை என் தலையில் கட்டிவிட்டாய் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் வந்தார். குளச்சல்காரர், கல்ஃபில் பன்னிரண்டு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மாடிக்கு வந்தவர் கருவி எதையும் எடுக்கவில்லை. பேனல்களைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"சாரே, இத ஆரு நாட்டினது?"

மாடியின் தெற்கு ஓரத்தில் இருபதடி இரும்புக் குழாய். அதன் உச்சியில் எங்கள் கிறிஸ்துமஸ் ஸ்டார், ஆளுயரம். நவம்பர் கடைசியில் நான்தான் நட்டேன். தெருவிலேயே உயரமான ஸ்டார் எங்களுடையது. எதிர்வீட்டுக்காரர் பதினைந்தடியில் நட்டால் நான் பதினெட்டு. அவர் பதினெட்டுக்கு வந்தால் நான் இருபது. பல வருஷமாக நடக்கிற போட்டி இது, இரண்டு பேரும் வாய்விட்டு ஒத்துக்கொண்டதில்லை.

குழாயின் நிழல் பேனல் வரிசையின் குறுக்கே கிடந்தது. அதன் முனையில் ஸ்டாரின் நிழல் விரிந்து படுத்திருந்தது.

"மார்கழியில சூரியன் தெக்க சாஞ்சிருவாம்லா. ஒரு பேனல்ல நெழலு விழுந்தா அந்த வரிசையே தளந்து போவும். காலம்பற தொட்டு மத்தியானம் வர இது ஒண்ணொண்ணா மேஞ்சிட்டு வருது" என்றார்.

கொடிமரத்தின் நிழல் இத்தனை மீட்டர் என்றால் கொடிமரத்தின் உயரம் என்ன என்று கேட்டு முப்பது வருஷம் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியவன் நான். வெட்கமாக இருந்தது. முந்தின நாள் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர், "அத விடுங்க சாரே, கேக்கு மணம் வருதே" என்றார். ஒரு பெரிய துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போனபின் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. முந்திரி நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்குப் போன வாரமே தெரியும். பேனல் தொடைக்கப் போனப்போ பாத்தேன்."

"பின்ன ஏன்டி சொல்லல்ல? இருவது கேக்கையும் வேண்டாம்னு விட்டியே."

"வருசத்துல இந்த ஒரு மாசந்தான் நீங்க சிரிச்ச மொகமா இருக்கிய. சாயங்காலம் ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்துட்டு வாறப்போ ஒங்க மொகத்த நீங்க பாத்ததில்ல. அதையும் எறக்கச் சொல்லவா? கேக்கு அடுத்த வருசமும் சுடலாம்."

இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அவள் எத்தனை காரியத்தை வேண்டாம் என்று விட்டிருப்பாள் என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

மாடிக்குப் போய்க் குழாயைச் சாய்த்து ஸ்டாரை அவிழ்த்தேன். கீழே வாசல் பலாவின் தாழ்ந்த கொப்பில் ஏணி வைத்துக் கட்டத் தொடங்கினேன். எதிர்வீட்டுக்காரர் கேட் அருகே வந்து நின்றார்.

"என்ன சாரே, தோத்துட்டியளா?"

"ஆமா. இந்த வருசம் நீங்கதான் ஜெயிச்சிய" என்றேன். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தார்.

மறுநாள் நல்ல வெயில். மதியம் வரைபடம் பழையபடி உச்சிக்கு ஏறியது. போனைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் கையிலிருந்த போனை வாங்கி அந்தப் பாடகர் குழு அம்மாவை அழைத்தாள்.

"அக்கா, அந்த இருவது கேக்கும் நானே சுட்டுத் தாரேன். வேற யார்ட்டயும் ஆர்டர் குடுக்காண்டாம்."