அம்மா ஏறாத கார்

மண்ணெண்ணெயும் காய்ந்த இறாலும் கலந்த வாசனையை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் வீட்டு வாசலில், இறால் காயவைக்கும் பாயின் மேல் ஒரு காரின் ஸ்டீயரிங் பாகங்கள் கழுவிப் பரப்பப்பட்டிருந்த அந்தக் கோடையில், எங்கள் துணியிலும் தலையணையிலும் சோற்றிலும்கூட அதுதான் வீசிக்கொண்டிருந்தது.

அப்பாவை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். இறால் ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவர், பட்டணத்தில் டாக்சியாக ஓடி ஓய்ந்துபோன பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வந்து, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். குறை என்று பார்த்தால் ஸ்டீயரிங்கை ஒரு சாண் திருப்பிய பிறகுதான் டயருக்குச் சேதி போகும். இந்த வெற்று ஆட்டத்துக்கு மெக்கானிக்குகள் "பிளே" என்று பேர் வைத்திருக்கிறார்கள். நைனா அதைச் சட்டை செய்யவே இல்லை. "படகுல சுக்கான் ஆடல? அத்த மாதிரிதான் இதுவும்" என்பார்.

அம்மா ஏறிய முதல் நாளே, பொன்னேரி சாலை வளைவில் கார் வளையாமல் நேராகப் போய் ஒரு வயலில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. அம்மா மெல்ல இறங்கி, சேறான புடவையைப் பிழிந்துவிட்டு, "படகு கவுந்தா நீஞ்சி வந்துடலாம், இது கவுந்தா இன்னாய்யா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊர்க்காரர்கள் காரில் போவார்கள். ஓட்டுகிறவரின் மனைவி இறால் கூடையோடு பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருப்பாள். அவளைக் கடந்து போகும்போது நைனா ஹாரனைக்கூட அடிக்க மாட்டார். வெளியே சிரித்துக்கொண்டுதான் திரிந்தார், ஆனால் அவருக்கு அது சுருக்கென்று குத்தத்தான் செய்தது, எங்களுக்கே தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் காட்டூரில் சித்தி மகளின் கல்யாணம் வந்தது. சொந்தபந்தம் மொத்தமும் கூடுகிற இடம். "உங்கம்மா பஸ்ல வந்து எறங்கி, நான் பின்னாடியே கார்ல வந்து எறங்கினா, அப்புறம் நான் அங்க இன்னானு நிக்கறது?" என்று எங்களிடம் கேட்டார். மறுநாளே அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டார்.

சுத்தியலால் தட்டி, கம்பியால் நெம்பி, ஊரிலிருந்த ஒவ்வொரு ஸ்பானரையும் இரவல் வாங்கி, கடைசியில் தேங்காய் அளவிலான "ஸ்டீயரிங் பாக்ஸை" வெளியே எடுத்தார். திறந்தால், எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் பால் அதிகமான டீ போல ஒரு குழம்பு. ஏரித்தண்ணீர் சாலையில் ஏறும் நாளெல்லாம் அதில் கார் ஓட்டியதன் பலன்! பேரிங் துருப்பிடித்திருந்தது, தண்டைத் தாங்கும் புஷ் வளையம் தேய்ந்து கோணியிருந்தது. உள்ளே இருந்தவை என்னவோ மிக எளியவைதான்: ஸ்டீயரிங் தண்டின் நுனியில் வரிவரியாக ஒரு திருகு, அந்த வரிகளைக் கவ்வியபடி நகரும் ஒரு குட்டிச் சக்கரம். இவ்வளவு சின்னதா அவ்வளவு பெரிய காரைத் திருப்புகிறது என்று என்னால் நம்பவே முடியவில்லை.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கைக்கு அகப்பட்ட இறால் பாயில் காயவைத்தார். எங்கள் ஊர்க்காரர் தவிர வேறு எவரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். அந்தப் பாயில் எதைப் போட்டாலும் அது தங்களுக்குத்தான் என்று எண்ணும் காக்கைகளில் ஒன்று, ஸ்டீயரிங் பாக்ஸின் மூடிக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகட்டைக் கவ்விக்கொண்டு பறந்தது. நைனாவும் என் தம்பியும் கரை நெடுக அதைத் துரத்திக்கொண்டு ஓட, வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள், "அதுவும் கார் வாங்கிடுச்சுப்பா!" என்று கத்திச் சிரித்தார்கள். தகடு ஏரியோடு போயிற்று. பவுடர் டப்பாவைக் கத்தரித்து நைனா வேறொன்று செய்துகொண்டார்.

புதுப் பேரிங்கும் புஷ்ஷும் போட்டு எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. இனி இருந்தது மூடியின் மேலுள்ள ஸ்குரு மட்டும்தான். அதை இறுக்கினால் குட்டிச் சக்கரம் திருகை நெருங்கும், தளர்த்தினால் விலகும். அதிகம் நெருங்கினால் ஸ்டீயரிங் கெட்டியாகி, திருப்பியது திரும்பி வராது. நைனா திருகுவதும், ஓடிப்போய் ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்ப்பதும், மறுபடி திருகுவதுமாக வியர்த்துக் கொட்டினார். ஒன்று ஆடியது, இல்லாவிட்டால் இறுகியது.

அம்மா அப்போதுதான் ஏரியிலிருந்து வந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டுச் சேற்றைத் துழாவி, விரலில் துள்ளும் இறாலைப் பிடித்து, பல்லால் கவ்வியிருக்கும் ஓலைக் கூடையான "பறி"க்குள் போடுவது அவள் வேலை. அந்நேரம் முழுக்க வாய் திறக்க முடியாது என்பதால், கரையேறியதும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசுவாள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தவள், "நீ அங்கியே இரு, நான் புடிச்சிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஈரப் புடவையோடு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, விரல் நுனிகளை மட்டும் ஸ்டீயரிங் மேல் வைத்தாள்.

"ஆட்டம் கீதா?" என்றார் நைனா, பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

"கீது."

"இப்போ?"

"கீது. சேத்துக்குள்ள இறா நவுர்றாப்ல கீது."

"இப்போ?"

"இரு, இரு... இல்ல. பூடிச்சு."

நைனா எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்குருவை இன்னொரு முறுக்கு முறுக்கினார். "யோவ், இன்னாத்துக்கு இன்னும் முறுக்கின? கெட்டியாயிடுச்சு பாரு. கொஞ்சம் வுடு!" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. அவர் கொஞ்சம் தளர்த்தினார், ஸ்குரு நகராதபடி அதன் நட்டை இறுக்கினார், கையைத் துடைத்தபடி ஜன்னலருகே வந்து பரீட்சை முடிவுக்கு நிற்பவரைப் போல நின்றார். அம்மா ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "சரி, கல்யாணத்துக்கு இதுலயே போலாம்" என்றாள். நைனாவுக்கு வாயெல்லாம் பல்.

கல்யாண வீட்டு வாசலில் அம்மா முன் சீட்டிலிருந்து இறங்கினாள். கார் ரிப்பேரைத் தானே முடித்ததாகக் காட்டூர் முழுக்கச் சொல்லிவைத்தாள், நைனாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அதன் பிறகு எப்போது ஏறினாலும், முதலில் ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள்.

அந்தக் கார் பொன்னேரியில் காயலான் கடைக்குப் போய் வெகுகாலமாகிறது. முழங்கால் வலியால் அம்மா ஏரியில் இறங்குவதில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போகும் நான் வைத்திருக்கும் காரில் ஸ்டீயரிங்கை ஒரே விரலால் திருப்பலாம். அதில் திறந்து பார்க்க நமக்கு ஒன்றும் இல்லை. கெட்டால், கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள்.

போன மாதம் அனுப்பம்பட்டில் ஒரு வளைகாப்புக்கு இருவரையும் அழைத்துப் போனேன். அம்மா நேராகக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். நைனாவுக்குப் பொறுக்கவில்லை. வெளியே நின்றபடியே கேட்டார்: "இன்னாமே, கைய வெச்சிப் பாக்காம ஏறிட்ட? என் வண்டின்னா மட்டும் உனக்கு நம்பிக்க இல்ல, அப்டித்தானே?"

"இதுல ஆடுச்சுன்னா மட்டும் யாரு எறங்கி சரி பண்ணப் போறாங்க?" என்றாள் அம்மா. "அதுல நீ இருந்த. ஆடுதுனு சொன்னா போதும், அடியில போய் படுத்துக்குவ. அதுக்குத்தான்யா பாத்தேன். ஏறு, நேரமாவுது."

நைனா ஏறிக்கொண்டார். அனுப்பம்பட்டு வரும்வரை அவருக்கு வாயெல்லாம் பல்தான்.